அப்பா மூடாதீங்க

1

இந்தக் கதையின் தலைப்பு என்னுடையது அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

புதிதாகக் குடிவந்த வீட்டில் இணைய இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. கைப்பேசிக்குச் சிக்னல் வேண்டுமானால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட வேண்டும். ஒரு கட்டுரையை அனுப்பியாக வேண்டிய அவசரத்தில், அக்கம்பக்கத்து வைஃபை எதுவாவது பூட்டாமல் கிடக்கிறதா என்று துழாவினேன். வரிசையாகப் பெயர்கள் வந்தன. எண்ணும் எழுத்தும் கலந்து கம்பெனிக்காரன் வைத்தவை சில. யாரோ ஒரு குழந்தையின் செல்லப்பெயர் ஒன்று. ஒரு மனிதர் தன் பெயரையே பட்டத்தோடு வைத்திருந்தார். அவற்றுக்கு நடுவில், தமிழில்:

அப்பா மூடாதீங்க

கட்டுரையை மறந்துவிட்டேன். எந்த அப்பா? எதை மூடக் கூடாது? வைஃபைக்குப் பெயர் வைக்கிற இடத்தில் வந்து ஒருத்தி ஏன் கெஞ்ச வேண்டும்? (ஒருத்திதான் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. மகன்கள் இவ்வளவு மரியாதையாகக் கெஞ்ச மாட்டார்கள். நானும் ஒரு மகன்தான்.)

என் தொழிலில் இப்படி ஒரு வரி கையில் கிடைத்தால் இரண்டு வழி உண்டு. உட்கார்ந்து கற்பனை செய்யலாம். அல்லது எழுந்துபோய்க் கதவைத் தட்டலாம். சோம்பேறி என்பதால் முதலில் உட்கார்ந்தேன்.

2

முதல் முயற்சி: "மடிக்கணினியின் நீல வெளிச்சத்தில் அவள் முகம்…"

வேண்டாம். நீல வெளிச்சத்தில் முகம் காட்டாத பெண் இப்போது எந்தக் கதையிலும் இல்லை.

இரண்டாம் முயற்சி: "அந்த அப்பா ஒரு கடை வைத்திருந்தார். நஷ்டத்தில் அதை மூட…"

இதுவும் ஓடவில்லை. கடைக்காரர் மகள் கெஞ்சுவதாக இருந்தால் நேரில் கெஞ்சுவாள், அழுவாள், சாப்பிடாமல் இருப்பாள். வைஃபையில் எழுதிவைக்க மாட்டாள்.

மூன்றாம் முயற்சி: "கம்பியில்லாமல் இணைவதற்குப் பெயர்தானே உறவு…"

இந்த வரியை எழுதிய கையை மடக்கிவைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். பிறகு அந்த வைஃபை பலமாகக் காட்டிய பக்கமாக மாடியேறிக் கதவைத் தட்டினேன். திறந்தவளுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. கையில் ஒரு திருப்புளி.

"யாரு?"

"கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கேங்க. உங்க வைஃபை பேரு பாத்தேன்…"

"பாஸ்வேர்டா? அதெல்லாம் தர்றதில்ல."

"பாஸ்வேர்டு வேண்டாங்க. அந்தப் பேருக்குப் பின்னால ஒரு கதை இருக்கும்ல, அது வேணும். நான் எழுதறவன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள வாங்க தம்பி" என்றாள். "வந்து உக்காருங்க, பேசுங்க, என்ன வேணா பண்ணுங்க. எதையும் மூடிடாதீங்க."

3

நேரில் அவள் எனக்கு அக்கா. கதையிலும் அக்கா என்று எழுதினால் நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சொல்வீர்கள். சாய்ந்துவிட்டேன்தான். இருந்தாலும் ஒரு ஒழுங்கு வேண்டுமே. இனிமேல் கதைக்குள் அவள் மகள்.

மகளுக்குக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை. வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்து, இம்மி பிசகாமல் உட்கார வைப்பாள். காலையில் போனால் திரும்ப மாலையாகிவிடும். அதுவரை வீட்டில் அப்பா தனி. அம்மா காலமாகி வெகுநாளாயிற்று. அப்பா பொது நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டிலும் சுவருக்குச் சுவர் புத்தகம்தான். அண்ணன் வேலை நிமித்தமாக ரயிலேறி வர வேண்டிய தூரத்தில் குடும்பத்தோடு இருக்கிறான்.

ஒரு நாள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழுந்தது, அவள் கடைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில். அவள் வந்து பார்த்தது மாலையில். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அந்தப் பகல் முழுக்க ஈரத் தரையில் கிடந்து, கதவைத் தட்டித் தட்டி, பிறகு தட்டுவதையும் விட்டுவிட்டிருந்தார். "யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நிறுத்திட்டேன்" என்றார். அதைக் கேட்டு மகளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அண்ணன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னான். அவன் வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும். அப்பா வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார், அதுவும் வீங்கிய காலில். இந்த வீடு, இந்த ஜன்னல், இந்தப் புத்தகங்கள். மகளுக்கும் அவரை அனுப்ப மனம் இல்லை.

"ஆள் இல்லேன்னுதானே சொல்ற? ஆளுக்குப் பதிலா நான் ஏற்பாடு பண்றேன்" என்றாள்.

அண்ணன் அவளைத் தனியாக மாடிப்படிக்குக் கூட்டிப்போனான். "சரி, பண்ணு. அடுத்த தடவை நான் வர்றப்போ ஒரு பகல் முழுக்க அந்த ஏற்பாடு அறுந்துபோகாம ஓடணும். ஓடினா அப்பா இங்கயே இருக்கட்டும். அறுந்துச்சுன்னா என்கூட வரட்டும். அவர்கிட்ட சொல்லிடாத. தன்னை வெச்சுப் பரீட்சை நடக்குதுன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோயிடுவார்."

அவள் ஒத்துக்கொண்டாள். இந்தக் கதையில் பந்தயம் இதுதான், வேறு எதுவும் இல்லை.

4

இப்போது கொஞ்சம் கட்டுரைத்தனமாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி வீடு கட்டினதைச் சொல்லும்போது செங்கல்லைப் பற்றிப் பேசாமல் முடியாது.

அவள் வாங்கிச் சேர்த்தவை: அப்பாவின் கைக்கு ஒரு பட்டை, விழுந்தால் தானாகவே சேதி சொல்லும். கூடத்து அலமாரிமேல் ஒரு கேமரா. குளியலறைக் கதவில் ஒரு பொட்டு, உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வராவிட்டால் குரல் கொடுக்கும். வாசல் மணி. அவள் கடையிலிருந்து பேச, அப்பா பதில் சொல்ல, ஒரு பேசும் பெட்டி. எல்லாம் கம்பியில்லாதவை. எல்லாவற்றுக்கும் வைஃபை வேண்டும்.

இடக்கு அங்கேதான் வந்தது. அந்தக் கட்டடத்தில் மாடி வீடுகளுக்குக் கொடுத்திருக்கிற இணைப்பு ஒரே ஒரு கம்பி. அதில் ஒரே ஒரு கணினியைத்தான் பதிந்துகொள்வார்கள். வேறு எதைச் செருகினாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கைப்பேசிச் சிக்னலோ என் வீட்டைப் போலத்தான், ஜன்னலுக்கு வெளியே வசிக்கிறது. ஆகவே மிச்சம் இருந்தது அவளுடைய பழைய மடிக்கணினி. கம்பியில் வருவதை அது வாங்கி, தன்னிடமிருந்தே வைஃபையாக வீட்டுக்குப் பரப்ப வேண்டும். அதற்கு அதில் வசதி இருக்கிறது என்று தெரிந்ததும் விடுமுறை நாட்களை எல்லாம் அதிலேயே போட்டாள்.

வாசல் மணி சமர்த்தாக வந்து சேர்ந்தது. கேமராவும் கதவுப் பொட்டும் இரண்டாம் அழைப்பில் வந்தன. பேசும் பெட்டி கொஞ்சம் கெஞ்ச வைத்தது. கைப்பட்டை மட்டும் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது. அவள் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தால், மடிக்கணினி புதிய அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கைப்பட்டைக்குப் பழைய அலைவரிசை ஒன்றைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. மாற்றிவைத்தாள். அடுத்த நொடி வந்து உட்கார்ந்தது.*

"அப்பா, இங்க வாங்களேன். எல்லாரும் வந்தாச்சு!"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் இருந்த பட்டியலைக் குனிந்து பார்த்தார். "கூட்டம் அதிகமாத்தான் இருக்கு" என்றார். "யாருக்கும் சமைக்க வேண்டாமே?"

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் கூப்பிடாமல், யாரிடமும் கையேந்தாமல், ஒரு பழைய பெட்டியை வைத்து இத்தனையையும் ஒரு குடும்பமாக உட்கார வைத்திருக்கிறாள். அவளே என்னிடம் சொன்னது: "எனக்கு என்னையே ரொம்பப் பிடிச்சுப்போன நாள் தம்பி அது."

* கணினி தெரிந்த வாசகர் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார். மடிக்கணினியை மூடினால் தூங்கிவிடுமே, அதோடு வீடே இருண்டுவிடுமே என்பார். உண்மை. மூடினாலும் தூங்காதபடி அமைத்துக்கொள்ளலாமே என்றும் சொல்வார். அமைத்துப் பார்த்தாள். அது பழைய உடம்பு, விசைப்பலகை வழியாகத்தான் மூச்சு விடுகிறது. மூடி ஓடவிட்டால் சூடேறி மயங்கிவிழுகிறது. பிறகு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. மூடினால் தூங்கட்டும், திறந்தால் தானாக விழித்து எல்லாரையும் மறுபடி கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டாள். திறந்தே இருந்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. கையைக் கீழே போடலாம்.

5

திறந்தே இருக்கவில்லை.

கூடத்து மேசைமேல் கம்பி வருகிற இடத்தில் மடிக்கணினி இருந்தது. அப்பா தண்ணீர் குடிக்கப் போனால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அவர் கை தானாக நீண்டு, அதை மெதுவாக, பிரியமாக, மூடிவிட்டுப் போகும். வேலை பார்த்த காலமெல்லாம் மேசை மேசையாகப் போய்த் திறந்து கிடக்கிற புத்தகங்களை மூடிவைத்த கை. திறந்து கிடக்கிற எதைக் கண்டாலும் அதற்குப் பொறுக்காது.

கடையில் வில்லையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மகளின் கைப்பேசி அதிரும். 'வீடு இணைப்பில் இல்லை.' முதலாளியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுவாள். மூச்சிரைக்கக் கதவைத் திறந்தால், அப்பா நாற்காலியில் புத்தகமும் கையுமாக இருப்பார். "என்னம்மா, இன்னிக்கு அரை நாளா?"

சீட்டு எழுதி ஒட்டினாள். அதை மூடியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தாள். மூடிய பிறகுதான் படிக்க முடியும். உள்பக்கம் ஒட்டினாள். அப்பா படித்தார், எழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார், தண்ணீர் குடிக்கப் போகும்போது மூடினார். கடைசியில் கோபத்தில் வைஃபையின் பெயரையே மாற்றிவிட்டாள். கட்டடம் முழுக்க அதைப் படித்துவிட்டது, அப்பாவைத் தவிர. அவர் கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை.

"அப்பா, எத்தனை தடவை சொல்றது?"

"நான் மூடலம்மா. கை மூடிடுது."

"கை உங்களுதுதானே?"

"அட்டை வெக்காம தொறந்து கிடந்தா அதுக்கு இருப்புக் கொள்ளாது. என்ன பண்ணச் சொல்ற?"

என்ன அட்டை என்று அவள் கேட்டிருக்கலாம். கோபத்தில் இருப்பவர்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை, கவனியுங்கள்.

6

[அண்ணனைப் பற்றிய குழப்பம். இந்தப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டும்.]

முதல் வரைவில் அண்ணனை நான் நன்றாகக் கறுப்படித்து வைத்திருந்தேன். ரயிலை விட்டு இறங்கும்போதே முகத்தில் ஒரு ஏளனச் சிரிப்பு. "இந்த விளையாட்டுச் சாமானை நம்பி அப்பாவை விடணுமாக்கும்" என்று ஒரு வசனம். எனக்குப் பிடித்த வசனம் அது. கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

மகள் அந்தப் பக்கங்களைப் படித்தாள். (எழுத எழுத அவளிடம் காட்டுவதாக ஒப்பந்தம். கதை அவளுடையது, எழுத்துப்பிழை மட்டும்தான் என்னுடையது என்று அவளே சொல்லிவிட்டாள்.) படித்துவிட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"எங்க அண்ணன் இப்படிப் பேச மாட்டான் தம்பி."

"கதைக்காகக் கொஞ்சம்…"

"கதைக்காக உங்க அண்ணனைக் கெட்டவன் ஆக்கிக்குங்க. இவன் பயந்தவன். சின்ன வயசுல நான் மரத்துல ஏறினா இவன் கீழ நின்னு அழுவான். அப்பா விழுந்ததுலேர்ந்து தூக்கமே இல்லைன்னு அண்ணி சொல்றாங்க." காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "ஆனா ஒண்ணு. நான் இதைச் செஞ்சிடுவேன்னு அவன் நம்பல. ஒரு தடவை கூட, 'நீ செய்வே'ன்னு சொல்லல. அதுதான் எனக்குக் குத்துது. அதை வேணா எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். ஏளனச் சிரிப்பை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன முகத்தை வைப்பது என்று தெரியாமல் வெகுநாள் காலியாகவே விட்டிருந்தேன்.

7

அண்ணன் வந்த நாள்.

காலையில் வந்து குளித்து, அப்பாவோடு தேநீர் குடித்தான். கைப்பேசியை எடுத்து வைஃபை தேடினான். பெயரைப் பார்த்தான். மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரிக்கவில்லை, என்ன இது என்று கேட்கவும் இல்லை.

"பாஸ்வேர்டு என்ன?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு, "நான் வீட்ல இருந்தா அது பரீட்சையே இல்ல. உன்கூட நானும் கடைக்கு வர்றேன்" என்றான். அப்பாவிடம் புதுக் கண்ணாடி போடப் போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். படியிறங்கும்போது, கைக்குட்டையை வைத்துவிட்டதாகச் சொல்லி அவன் மட்டும் திரும்ப மேலே போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

கடையில் அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கைப்பேசியைக் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டுகிற தாங்கியில் சாய்த்து வைத்தாள். திரையில் கூடம் தெரிந்தது, நாற்காலியில் அப்பா. அண்ணன் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனைப் பலகையைப் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். அப்பா ஒருமுறை எழுந்தார். மகளின் கையில் வில்லை நின்றது. அவர் ஜன்னல் திரையை விலக்கிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

மதியத்துக்குச் சற்று முன் கைப்பேசி அதிர்ந்தது. படம் உறைந்தது.

'வீடு இணைப்பில் இல்லை.'

"மூடிட்டார்" என்றாள் மகள்.

"விழுந்திருந்தா?" என்றான் அண்ணன்.

மூடிய மடிக்கணினியும் விழுந்த அப்பாவும் அந்தத் திரையில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இத்தனை நாளும் ஓடி ஓடி வீட்டுக்குப் போனது அதனால்தான். இருவரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் கையை நீட்டி ஒரு வாடகை வண்டியை நிறுத்தினான். அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது.

வாசல் மணி வந்தது. கதவுப் பொட்டு வந்தது. பேசும் பெட்டி. கைப்பட்டை, எந்த முறுக்கும் இல்லாமல். கடைசியில் கேமரா கண் திறந்தது.

அப்பா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, திறந்திருந்த மடிக்கணினியைப் பார்த்தபடி நின்றார். பிறகு அலமாரிக்குப் போனார். தடித்த புத்தகம் ஒன்றை உருவி, அதற்குள்ளிருந்து பச்சை நிற அட்டை ஒன்றை எடுத்தார். கொண்டுவந்து விசைப்பலகையின் மேல் குறுக்காக வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரும்போது மேசை அருகே அவர் கை நீண்டது, அட்டையைத் தொட்டது, சும்மா திரும்பிவிட்டது.

"அப்பா?" என்றாள் மகள் கைப்பேசியில்.

"மூடிட்டேன்மா" என்றது பேசும் பெட்டி. "அப்புறம் நானே தொறந்துட்டேன். இனிமே மூட மாட்டேன், அட்டை வெச்சாச்சு. நீ போய் வேலையப் பாரு. அவனுக்குக் கண்ணாடி நல்லதாப் பாத்துப் போடு."

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் வண்டிக்காரர்.

அந்த அட்டையைப் பற்றி: நூலகத்தில் படித்துக்கொண்டிருக்கிறவர் பாதியில் எழுந்து வெளியே போனால், திறந்த புத்தகத்தின் மேல் ஒரு பச்சை அட்டையை வைத்துவிட்டுப் போவார். 'மூட வேண்டாம். வாசகர் வருவார்' என்று அதில் அச்சடித்திருக்கும். அட்டை இல்லாத புத்தகத்தை ஊழியர்கள் மூடி அடுக்கிவிடுவார்கள். அட்டை இருக்கிற புத்தகத்தை நூலகரே ஆனாலும் தொடக் கூடாது. அவர் கைக்கு மகள் பேச்சும் புரியவில்லை, சீட்டும் புரியவில்லை. பச்சை அட்டை புரிந்தது.*

* மூச்சுவிடும் இடம் அடைபடுகிறதே என்று மகள் பிறகு அட்டையைத் திரையின் ஓரமாகச் செருகிவைத்தாள். அப்பா அதை மறுபடி நடுவுக்கே கொண்டுவந்துவிட்டார். வைத்தால் நடுவில்தான் வைக்க வேண்டுமாம். இப்போது அட்டையில் அவள் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருக்கிறாள்.

8

முடிவுக்கு வந்துவிட்டேன். என் கைவசம் சில இருக்கின்றன.

முதல் முடிவு: அட்டை தேடி அலமாரிக்குப் போகும்போது அப்பா நிஜமாகவே விழுகிறார், கைப்பட்டை கூப்பிடுகிறது, அண்ணன் ஓடிப்போய்த் தூக்குகிறான். இதில் விறுவிறுப்பு உண்டு. மகள் படித்தாள். "நல்லா இருக்கற மனுசனை ஏன் தம்பி தள்ளி விடறீங்க?" என்றாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: இணைப்பு அறுந்தது அறுந்ததுதான் என்று அண்ணன் அப்பாவைக் கூட்டிப்போய்விடுகிறான். வீட்டில் எல்லாச் சாதனங்களும் இணைந்தபடி இருக்கின்றன, பார்க்கத்தான் யாரும் இல்லை. மகள் வைஃபையின் பெயரை மாற்றுகிறாள்: அப்பா வாங்க. இந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்" என்றாள்.

நடந்தது இதுதான். வண்டியை அனுப்பிவிட்டு இருவரும் தெருவிலேயே நின்றார்கள்.

"அறுந்துபோச்சு அண்ணா" என்றாள் மகள். "ஒத்துக்கறேன்."

அண்ணன் அவள் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தபடியே இருந்தான். கூடத்தில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அறுந்ததை அவரே எழுந்து போய் ஒட்டிட்டாரே. அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?" என்றான். "இங்கயே இருக்கட்டும்."

அவள் கடைக்குள் போனாள். அடுத்து வந்த வாடிக்கையாளர் ஒரு வயதான அம்மாள், உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்திருந்தவர். மகள் வில்லையைத் தொடுவதற்கு முன் கைப்பேசியைத் தூக்கி அவரிடம் காட்டினாள்.

"அம்மா, இங்க பாருங்க. இது எங்க வீடு. அது எங்கப்பா. இதெல்லாம் நானே பண்ணினது."

கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

இங்கே நிறுத்திக்கொள்ளலாம். பெருமையாக முடிகிறது, அந்தப் பெருமை அவளுக்குச் சேர வேண்டியதுதான். இது வரைக்கும் அவள் படித்திருக்கிறாள், சம்மதமும் சொல்லிவிட்டாள்.

9

[இந்தப் பகுதியை அவள் இன்னும் படிக்கவில்லை.]

நேற்று அவள் கடையில் இருந்த நேரத்தில் அப்பாவைப் பார்க்கப் போனேன். அட்டையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்பதற்காக. வாசல் மணியை அடித்தேன். அவள் கடையிலிருந்தே பேசும் பெட்டியில், "அப்பா, எழுத்தாளர் வந்திருக்கார், தொறந்து விடுங்க" என்று சொன்னாள். அப்பா கதவைத் திறந்ததும் பெட்டியைச் சுட்டி, "என் பொண்ணு" என்று பெருமையாக அறிமுகப்படுத்தி வைத்தார், எனக்குத் தெரியாதது போல.

பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போய் மெதுவான குரலில் பேசினார்.

"அன்னிக்கு அவன் கைக்குட்டைய மறக்கல தம்பி. பையிலதான் இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை.

"ஓடி வந்து, 'அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரை மூடிடாதீங்க'ன்னான். எதுக்குடான்னேன். எல்லாத்தையும் கடகடன்னு சொல்லிட்டான். பந்தயம் வெச்சதே அவன்தான்னும் சொன்னான். 'அவ ஜெயிக்கணும்பா. அவ செஞ்சிடுவான்னு எனக்குத் தெரியும், உங்க கைதான் பயமா இருக்கு'ன்னு சொல்லிட்டு ஓடிட்டான். கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு அவனுக்கு."

பரீட்சை வைத்தவனே கேள்வித்தாளை வெளியே விட்டிருக்கிறான். வைஃபையின் பெயரைப் பார்த்ததும் இடக்கு எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் பிடிபட்டிருக்கிறது. அந்தக் காலியிடத்தில் என்ன முகத்தை வைப்பது என்று தவித்தேனே, அது இந்த முகம்.

"உங்க மனசு ஒடிஞ்சுபோகும்னு பயந்தாங்களே?" என்றேன்.

"ஒடியவா? எனக்காக ரெண்டும் இந்தப் பாடு படுதுங்க. ஊரெல்லாம் சொல்லிக்கலாம் போல இருந்துச்சு." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அவன் அவ்வளவு சொல்லியும் கை மூடிடுச்சு பாருங்க. மூடின அப்புறம்தான் உறைச்சுது. இதுக்குச் சொன்னா ஏறாது, அட்டை வெச்சாத்தான் ஏறும்னு. வேலை பாத்த காலம் பூரா ஒரு நாள்கூட எங்க நூலகத்துல எல்லாப் புஸ்தகமும் அதது இடத்துல இருந்ததில்ல. இவ பாருங்க, ஒரு ஓட்டைப் பெட்டிய வெச்சுக்கிட்டு அத்தனையையும் இடத்துல உக்கார வெச்சிருக்கா. நான் கெடுத்துடக் கூடாதுல்ல?"

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"நான் சொல்லல. அவனும் சொல்லியிருக்க மாட்டான். நீங்க எழுதறவரு. உங்க பாடு" என்றார். புறப்படும்போது அலமாரியைத் திறந்து எனக்கும் ஒரு பச்சை அட்டை கொடுத்தார்.

இப்போது சிக்கல் இதுதான். இந்தப் பகுதி கதையில் இருந்தால், யார் தயவும் இல்லாமல் தானே ஜெயித்ததாக அவள் வைத்திருக்கிற அந்தப் பெருமையில் ஒரு கீறல் விழும். அண்ணன் விட்டுக்கொடுத்துத்தான் ஜெயித்தேனா என்று கேட்பாள். இல்லை, அவன் சொல்லியும் கை மூடத்தான் செய்தது, திறந்ததும் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தது நீ கட்டின வலைதான் என்று நான் சொல்வேன். கேட்டுக்கொள்வாளா, தெரியாது. எடுத்துவிட்டாலோ, 'நீ செய்வே' என்று அண்ணன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அவளுக்குக் காலத்துக்கும் குத்திக்கொண்டே இருக்கும். அவன் சொல்லியிருக்கிறான், அவளிடம் சொல்லாமல் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்த அண்ணன்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

எட்டாம் பகுதியோடு கதை முழுசாகவே இருக்கிறது. இந்தக் கடைசித் தாள்களை உருவிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு முறை உருவி, இரண்டு முறையும் திரும்ப வைத்…

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கடை விட்டு வந்துவிட்டாள். கதை முடிந்துவிட்டது, வந்து படியுங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். ஒன்பதாம் பகுதி மேசைமேல் திறந்து கிடக்கிறது, நீங்கள்தான் அதன் முன்னால் இருக்கிறீர்கள். நான் திரும்பி வருவதற்குள் உருவி ஒளித்துவைப்பதானால் வையுங்கள், உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அப்பா கொடுத்த அட்டையைத் தாளின் நடுவில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். கையை நீட்டுவதற்கு முன் அதில் அச்சடித்திருப்பதை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூட வேண்டாம். வாசகர் வருவார்.